மில்லக்கா பார்க்காத கல்

ஊரில் எல்லோருக்கும் அவள் மில்லக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். கடைத்தெரு முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட மாவு மில் அவளுடையது. காலையில் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அவள் மட்டும் பேசுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. வீட்டில் கரண்டியைக் கேட்டாலும் தெருக்கோடியில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அவளுக்கும் ரகசியங்கள் உண்டு. "யார்கிட்டயும் சொல்லிடாத" என்று காதோடு காதாக அவள் சொல்கிற சமாச்சாரம் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு முதலில் தெரியும். காதைக் கொடுத்தவளுக்கு, காது அடைப்பு நீங்கிய பிறகுதான்.

தொழிலில் கெட்டிக்காரி. மாவு இறங்குகிற துணிக்குழாய்க்குக் கீழே கையை நீட்டி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே இன்னொரு தரம் ஓட்ட வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாள். மிளகாய் அரைத்த பிறகு ஒரு கை பழைய தானியத்தைப் போட்டு ஓட்டிக் கழிக்காமல் அடுத்தவர் கோதுமையைத் தொட மாட்டாள். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு நிற்பாள். மத்தியானம் அதை அவிழ்த்தால் மூக்கும் வாயும் மட்டும் மனுஷ நிறத்தில் இருக்கும். புருவம், இமை, காது மடல், தலைமுடி எல்லாம் வெள்ளை வெளேர்.

புருஷன் அவளுக்கு நேர் எதிர். ஊர் அவருக்கு வைத்த பெயர் தலையாட்டி. மில்லுக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, வாடிக்கைக்காரர்களின் தானியத்தைக் கழுவிக் காயப்போடுவதும், நீளக் கம்பில் பலகை அடித்த தள்ளுகோலால் அதைக் கிளறிவிடுவதும் அவர் வேலை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினாராம்.

"எந்தப் பக்கம் ஆட்டுனாருன்னு எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் இன்னும் சண்டை இருக்கு" என்று சொல்லிவிட்டு மில்லக்கா சிரிப்பாள். அவரும் சிரிப்பார், சத்தம் இல்லாமல்.

ஒரு நாள் சோளம் அரைக்க நல்ல கூட்டம். டின்களும் பைகளும் வாசல்வரை வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரிகள் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். மில்லக்கா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேலே இருந்த தொட்டியில் சோளத்தைக் கொட்டினாள். பெல்ட் ஒழுங்காக ஓடியது. மாவு நயமாக இறங்கியது. எல்லாம் பதமாக இருந்ததில் அவளுக்குப் பரம திருப்தி.

அரைத்து முடித்து, "அடுத்த டின்னு!" என்று திரும்பினாள். டின் இருந்தது. ஆளைக் காணோம். அதற்கடுத்த டின்னுக்கும் ஆள் இல்லை. கரண்ட் இருக்கும்போது மாவு மில்லை விட்டு எழுந்து போன ஜனத்தை அவள் ஆயுசில் கண்டதில்லை.

மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் ஊரே நின்றுகொண்டிருந்தது. டெய்லரம்மா கையில் கத்தரிக்கோலோடு, முடிவெட்டுகிறவர் சீப்போடு, அவர் கடையிலிருந்து ஓடிவந்தவர் பாதித் தலையோடு. எல்லோரும் மேலே பார்த்தபடி மூச்சுப் பேச்சில்லாமல் நின்றார்கள். இத்தனை பேர் இவ்வளவு அமைதியாக நிற்பது அவளுக்குத் தெரிந்து ஒரே காரியத்துக்குத்தான்.

"ஐயோ, யாரு போயிட்டா?" என்று கத்தினாள்.

ஊரே திரும்பிப் பார்த்தது. வானத்தில் நெருப்பு ஓடியதைப் பார்த்து, இடி மாதிரி மூன்று வெடியும் கேட்டு, ஈரக்குலை நடுங்கி நின்ற ஜனங்கள் அவர்கள். அவர்களுக்கு முன்னால் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளையாக, வாய் மட்டும் துணியால் கட்டப்பட்டு, ஓர் உருவம் நின்று அலறுகிறது. நெருப்புக்குக்கூட இவ்வளவு பேர் கூச்சல் போடவில்லை. தபால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

"அட, நான்தான்யா!" என்று துணியை அவிழ்த்தாள். சத்தத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தார்கள்.

ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். பட்டப்பகலில் இன்னொரு சூரியன் வந்ததாம், வடக்கிலிருந்து தெற்கே ஓடியதாம், வெடித்ததாம். "அந்தா பாருங்கக்கா, புகை" என்று காட்டினார்கள். முறுக்கு அவிழ்ந்த நூல் மாதிரி ஒரு கோடு வானத்தில் கலைந்துகொண்டிருந்தது. அவள் பங்குக்கு அதுதான் மிச்சம்.

புருஷன் ஞாபகம் வந்து, உள்ளே ஓடிப் பின்கதவைத் திறந்தாள். கோழி வந்து மாவில் வாய் வைக்கிறதென்று எப்போதும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும் தகரக் கதவு அது. திறந்ததும் அவர் நின்றார், கதவை ஒட்டி, முகத்தில் ரத்தமே இல்லாமல்.

"என்னங்க?"

அவர் வானத்தைக் காட்டினார். அப்புறம் தார்ப்பாயைக் காட்டினார். "வந்துச்சு. விழுந்துச்சு."

காய்ந்துகொண்டிருந்த கோதுமை நாலாபுறமும் சிதறிக் கிடந்தது. தார்ப்பாயின் நடுவில் கிழிசல், கிழிசலுக்குக் கீழே ஒரு குழி, குழிக்குள் கரிச்சட்டி நிறத்தில் ஒரு கல். இரண்டு கைக்குள் அடங்கும், அவ்வளவுதான். மில்லக்கா தயங்கித் தயங்கித் தொட்டாள். சுடவில்லை.

பின்னாலேயே வந்த டெய்லரம்மா மூக்கின்மேல் விரல் வைத்தாள். ஒரு நொடிதான். அதற்குள் விரலை எடுத்துக் கோதுமைப் பக்கம் நீட்டினாள். "அக்கா, இது எங்க வீட்டுக் கோதுமைல்ல?"

"ஆமா."

"அப்ப இந்தக் கல்லு எங்களுது. எங்க கோதுமை மேலதானே விழுந்திருக்கு?"

"தார்ப்பாய் என்னுது, முற்றம் என்னுது!"

"நேரா தார்ப்பாய் மேல விழல அக்கா. முதல்ல கோதுமைல பட்டுச்சு. அப்புறம்தான் தார்ப்பாய்."

இந்த வழக்கு நாலைந்து நாள் நடந்தது. அதற்குள் ஊருக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஊரும் சளைக்கவில்லை. அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருந்தார்கள். வெளியூர் போயிருந்தவர்களும் பார்த்திருந்தார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிய தபால்காரர், கல் விழுவதற்கு முன்பே தனக்கு உள்ளுக்குள் ஏதோ செய்ததாகச் சொன்னார். முதல் நாள் பூசணிக்காய் அளவில் ஓடிய நெருப்பு, மூன்றாம் நாள் மாட்டு வண்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது.

மில்லக்காவுக்குத்தான் சங்கடம். பொய் சொல்ல அவளுக்கு வாய் வராது. வந்தாலும் அந்தக் குரலில் பொய் சொன்னால் மூன்று ஊருக்குக் கேட்கும். பத்திரிகைக்காரர் ஒருவர் ஆசை ஆசையாக அவளிடம் வந்தார்.

"உங்க மில்லுக்குப் பின்னாடியே விழுந்திருக்கு. அந்த நேரத்துல என்ன பாத்தீங்கம்மா?"

"மாவப் பாத்தேன்."

"இல்ல, வானத்துல..."

"மேல தகரம்ங்க. அதுல என்னத்தப் பாக்குறது?"

அவர் பேனாவை மூடிக்கொண்டு தபால்காரரைத் தேடிப் போனார். மில்லக்காவுக்கு மனசு ஆறவில்லை. இந்த ஊருக்கு எதுவுமே வந்ததில்லை. சர்க்கஸ்கூட அடுத்த ஊரோடு திரும்பிவிடும். வந்ததே ஒன்று, அதுவும் தன் முற்றத்துக்கே வந்திருக்கிறது, தான் மட்டும் அதைப் பார்க்காமல் மாவைப் பார்த்து நின்றிருக்கிறோம். இந்தக் கோபத்தை அவள் வேறு யார்மேல் காட்டுவாள்?

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று காலையிலும் சாயங்காலமும் கேட்டாள். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

பிறகுதான் நகரத்திலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். கண்ணாடி போட்ட, சிரித்த முகமான பெண். கல்லருகே ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டாள். அது மெல்லச் சாய்ந்து ஒட்டியது. குழியை அளந்தாள், மண்ணை எடுத்தாள், கிழிந்த தார்ப்பாயைச் சுருட்டினாள், குழியில் கிடந்த கோதுமையைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

"கல்லும் போச்சு, கோதுமையும் போச்சா?" என்று டெய்லரம்மா தலையில் கை வைத்தாள்.

"உங்க கோதுமையும் ஆராய்ச்சிக்குப் போகுதும்மா" என்றாள் அந்தப் பெண். டெய்லரம்மாவுக்கு அதற்குமேல் அழ மனமில்லை.

கல் விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் தலையாட்டிதான். ஆராய்ச்சிப் பெண் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் கேட்டாள். "ஐயா, எப்படி இருந்துச்சு, விவரமாச் சொல்லுங்க."

"வந்துச்சு. விழுந்துச்சு."

"நெருப்பு எவ்வளவு நேரம் தெரிஞ்சது?"

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். மில்லக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நீ இரும்மா. இவர இப்படிக் கேட்டா நீ இங்கயே குடிவர வேண்டியதுதான்." அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு டின்னு சோளம் கொட்டுற நேரம் இருக்குமா?"

இல்லையென்று தலை ஆடியது.

"பாதி டின்னு?"

ஆமென்று ஆடியது. ஆராய்ச்சிப் பெண் குஷியாகி, மில்லக்காவைப் பாதி டின் சோளம் கொட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்படியே திசை, நிறம், சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கேள்வி மில்லக்காவுடையது, பதில் அவர் தலையுடையது.

"கடைசியா ஒண்ணு ஐயா. சத்தம் கேட்டதும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"கத்துனேன்."

மில்லக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரு, இவரா? தேள் கொட்டுனப்பவே 'ஸ்'ன்னு சொன்ன ஆளும்மா!"

"என்னன்னு கத்துனீங்க ஐயா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னார். யாருடைய பெயர் என்று ஆராய்ச்சிப் பெண்ணுக்குத் தெரியவில்லை. டெய்லரம்மாதான் துள்ளினாள்.

"ஆமா, நானும் கேட்டேன்! வெடிச் சத்தம் ஓய்ஞ்ச பிறகு யாரோ அந்தப் பேரச் சொல்லிக் கத்திக் கத்திக் கூப்பிட்டாங்க. தகரத்த வேற தட்டுனாங்க. எந்தப் பொம்பளையத் தேடுறாங்களோன்னு நெனச்சேன். யாருது அது?"

"என்னுது" என்றாள் மில்லக்கா.

சுவருக்குச் சுவர் ஒட்டி இத்தனை காலம் வாழ்ந்தும் டெய்லரம்மாவுக்கு அது தெரியாது. சொல்லப்போனால் மில்லக்காவே அந்தப் பெயரைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மா போன பிறகு அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. இவரோ கூப்பிடுவதே இல்லை. எதிரில் வந்து நிற்பார், அவ்வளவுதான்.

"ஏன் கத்துனீங்க?" என்றாள் ஆராய்ச்சிப் பெண்.

"விசில் மாதிரி எறங்குச்சு. மில்லு மேல விழப்போகுதுன்னு நெனச்சேன்." அவர் ஆயுளிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். "உள்ள இவ இருந்தா. ஓடுனேன்."

"எங்க இருந்து ஓடுனீங்க ஐயா? அப்ப எங்க நின்னீங்க?"

அவர் எழுந்து போய்க் காட்டினார். குழியின் விளிம்பை. தள்ளுகோல் அங்கேதான் இரண்டு துண்டாகக் கிடந்தது. அதைக் கோழி மிதித்து உடைத்தது என்றா மில்லக்கா நினைத்திருந்தாள்? எதுவும் நினைத்திருக்கவில்லை. இத்தனை நாளாக அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறாள்.

ஆராய்ச்சிப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். மில்லக்கா புருஷனின் கையைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதாவது காயம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "தட்டுனீங்களா?" என்று கேட்டாள். "கதவத் தட்டுனீங்களா?" பக்கத்தில் நின்ற டெய்லரம்மாவுக்கே சரியாகக் கேட்கவில்லை என்றால் எவ்வளவு மெதுவாகக் கேட்டிருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் தலையை ஆட்டினார்.

கல் நகரத்துக்குப் போயிற்று. இந்த மாதிரிக் கற்களுக்கு விழுந்த ஊரின் பெயரையே வைப்பது வழக்கமாம். ஊர்க்காரர்களுக்குத் தலை கால் புரியவில்லை. கோதுமைக்காரியின் பெயரையும் பக்கத்தில் சிறிதாகப் போடக்கூடாதா என்று டெய்லரம்மா கேட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை. அந்த ஏமாற்றத்தில், சண்டை வரும்போதெல்லாம் மில்லக்காவை அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். சமாதானமாக இருந்தால் அக்கா, கோபம் வந்தால் பெயர். மில்லக்காவும் வாரத்துக்கு ஒரு சண்டையாவது வருகிற மாதிரி பார்த்துக்கொண்டாள்.

புருஷனிடமும் ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள். "இன்னொரு தடவ அப்படிக் கூப்பிடுங்களேன். இப்ப மோட்டார் ஓடல." அவர் காது சிவந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

அதோடு அவள் விட்டுவிடவில்லை. கொத்தனாரை வரச்சொல்லி, பின்சுவரைக் காட்டி, "இங்க ஒரு ஜன்னல் வேணும், பெருசா" என்றாள். மாவு மில்லுக்குப் பின்னால் எதற்கு ஜன்னல், காற்று வந்து மாவெல்லாம் பறக்கும் என்று அவர் எடுத்துச் சொன்னார். சொன்னபடியே பறந்தது. டெய்லரம்மா கொடியில் போட்டிருந்த கறுப்புத் துணியெல்லாம் சாம்பல் நிறமாகி, அதற்காகத் தனியாக ஒரு சண்டை நடந்தது. பெயரும் நாலு தடவை சொல்லப்பட்டது. ஜன்னல் மட்டும் இருந்தது. மில்லக்கா இப்போது வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவில், பக்கவாட்டில் நிற்கிறாள். தொட்டியில் ஒரு கண், ஜன்னலில் ஒரு கண்.

போன வாரம் நல்ல கூட்ட நேரத்தில் தலையாட்டி ஜன்னலுக்கு வந்து கையை மேலே மேலே காட்டினார். மில்லக்கா பாதித் தொட்டியில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினாள். டின்காரிகளும் பதறியடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

வானத்தில் கொக்குகள் போய்க்கொண்டிருந்தன. கோணல்மாணலாக, நீளமான ஒரு வரிசை.

"இதுக்கா அக்கா மில்ல நிறுத்துனீங்க?" என்று ஒருத்தி முனகினாள்.

"இரு, மாவு எங்க ஓடிடப் போகுது?" என்றாள் மில்லக்கா. கடைசிக் கொக்கு கண்ணுக்கு மறைகிறவரை, வெள்ளைக் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு அவள் நகரவே இல்லை.