நாலாம் நம்பர் டேப்லெட்டும் பேசாத இசக்கியும்

ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்றால், ஒரே நேரத்தில் முப்பத்தொரு பேர் "டீச்சர்" என்று கூப்பிடும்போது முதலில் யார் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்கிற ஆள். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். மும்பை செம்பூரிலிருந்து பஸ் பிடித்துத் தாராவிக்கு வந்து, தமிழ் மீடியத்தில் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். கூப்பிடாத அந்த ஒருத்தி இசக்கி. பள்ளி திறந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறக்கவே இல்லை. "தீபாவளி லீவுக்குள்ள ஒரு வரியாவது வாசிக்கலேன்னா, பேச்சு வராத பிள்ளைங்க ஸ்கூலுக்கு எழுதிக் கொடுத்துடுவேன்" என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குக் கார்ப்பரேஷனிலிருந்து, நம்பர் ஒட்டிய ஐந்து டேப்லெட் வந்தது.

எச்சில் வைத்தியம்

ஐந்து பேருக்குப் பத்து நிமிஷம் டேப்லெட், மற்றவர்களுக்கு சிலேட். இதுதான் ஏற்பாடு. முதல் நாளே முத்து திரையில் விரலால் 'அ' எழுதினான். கோணலாக வந்தது. உடனே திரையில் எச்சிலைத் தொட்டு வைத்து, சட்டை நுனியால் தேய்த்தான். நான் போட்ட கத்தலில் பக்கத்து வகுப்பே அமைதியானது. ஈரம் பட்ட திரை எங்கெங்கோ தாவி, கடைசியில் வெறுமையாக நின்றது. முத்து அதை என்னிடம் தூக்கிக் காட்டினான்.

"அழிஞ்சிட்டுல்லா டீச்சர், பெறவு எதுக்கு ஏசுதிய?"

குரல் பதிவு

மைக் படத்தை அழுத்திப் பேசினால் குரல் பதிவாகும், நிறுத்தும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும். இதைச் சொல்லிக் கொடுத்து, ஒவ்வொருவர் பெயரையும் பதியச் சொன்னேன். தன் குரல் வெளியே வருவதைக் கேட்டு ஆளாளுக்குக் குதித்தார்கள். இசக்கியின் முறை வந்தது. அவள் உதடு லேசாக அசைந்தது. எனக்கோ இன்னும் பதினெட்டுப் பேர் பாக்கி. "சொல்லு... ம், சொல்லு... சீக்கிரம் சொல்லு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதிவைப் போட்டுப் பார்த்த முத்து கத்தினான்.

"டீச்சர், இசக்கி பேரு இதுல சொல்லு சொல்லுன்னு வந்திருக்கு!"

அம்மா வந்தாள்

இசக்கியின் அம்மா வீட்டில் இட்லி அவித்து, சைக்கிளில் விற்பவர்களுக்குக் கொடுக்கிறவள். பெரிய டீச்சர் சொன்னதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ நான் வேறு யார் பிள்ளையைப் பற்றியோ பேசுகிறேன் என்பதுபோல் பார்த்தாள்.

"வீட்டுல வாயே மூட மாட்டாளே டீச்சர், பக்கத்து வீட்டு மீன்கார கோலிக்காரி கதவைச் சாத்திக்கிடுதா."

பூஜையில் வைத்த சாமான்

சரஸ்வதி பூஜையைத் தசரா லீவுக்கு முன்னாலேயே வகுப்பில் கொண்டாடினோம். புத்தகம், சிலேட், அதன் மேல் டேப்லெட் ஐந்தும். நான் பொரியை எடுத்து வருவதற்குள் பிள்ளைகள் டேப்லெட்டுக்குச் சந்தனம் வைத்துவிட்டார்கள். பொட்டு வைக்கத் தோதாக இருந்தது என்று சார்ஜ் ஓட்டையிலும் கேமராவிலும்! அன்று பார்த்து, டேப்லெட் உபயோகமாகிறதா என்று பார்க்க மராத்திக்கார அதிகாரி வந்துவிட்டார். எடுத்துக் காட்டச் சொன்னால் ஒரு பிள்ளையும் தொடவில்லை. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொட்டால் படிப்பு வராதாம். அதை அவருக்கு இந்தியில் சொன்னேன். அவர் வீட்டிலும் தசராவுக்குச் சிலேட்டை வைத்துக் கும்பிடுவார்கள் போலிருக்கிறது. பையிலிருந்து தன் போனை எடுத்து, டேப்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இந்தியில் சொன்னார்:

"இதுக்கும் ஒரு பொட்டு வையுங்க மேடம், இன்னைக்கு ஒரு நாளாவது யாரும் இதைத் தொடாம இருக்கட்டும்."

நாலாம் நம்பர்

தசரா லீவு முடிந்து, குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினேன். நாலாம் நம்பரில் சத்தம் வருகிறதா என்று பார்க்கக் குரல் பதிவைத் திறந்தேன். பதினொரு பதிவுகள் இருந்தன. முதலாவதை அழுத்தினேன்.

"கையைக் கட்டு. முத்து, சும்மா இரி. நாலாம் நம்பரு, ஒனக்கு சார்ஜ் இருக்கா? சாப்ட்டியா? சரி, பாடம் படிப்போமா?"

அச்சு அசல் என் அதட்டல், ஆனால் என் குரல் இல்லை. அதற்குப் பிறகு பாடம், ஒரு வரி விடாமல். தன் பத்து நிமிஷத்துக்கு எப்போதும் நாலாம் நம்பரையே எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய் உட்காருவது இசக்கிதான். வகுப்பு இரைச்சலில் அவள் பேசியது யார் காதிலும் விழவில்லை. அதை எடுத்துக்கொண்டு பெரிய டீச்சரிடம் ஓடினேன். பதினொன்றையும் கேட்டு முடித்த பெரிய டீச்சர், எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

மத்தியானம் பீரோவுக்குப் பின்னால் போய் நானும் தரையில் உட்கார்ந்தேன். "அதுகிட்ட மட்டும் எப்படிம்மா பேசுறே?" என்று கேட்டேன். 'சொல்லு' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து என் காதருகே வந்தாள்.

"நான் முடிக்கிற வரைக்கும் அது குறுக்க பேசாதுல்லா டீச்சர்."

டேப்லெட்டை இயக்க எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள், டேப்லெட்டைப்போல வாயை மூடிக்கொண்டு கேட்பதற்குத்தான் இன்னும் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது.