இடது மூலையில் மூன்று காய்கள்

"போர்டு முடிஞ்சிச்சிபா" என்று அப்பா ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தார். கேரம் பலகையின் இடது மூலையில் அவருடைய வெள்ளைக் காய்கள் மூன்று அப்படியே இருந்தன.

எதிரே ஆடிய டேனியல் மாமா சிரித்தார். "இன்னா மச்சான், போங்கு ஆடிகினு கீற?"

நானும் சேர்ந்து கிண்டல் செய்தேன். அப்பா எழுந்தார், இடது கால் இழுத்தது. அப்போதுதான் ஆட்டோவுக்கு ஓடினேன். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், சிரிப்பதில்கூட நேரத்தை வீணாக்காதீர்கள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடுவது), மூளையின் வலப் பாதியில். கால் சில வாரங்களில் தேறியது. ஆனால் தட்டின் இடப்பக்கத்து இட்லி தொடப்படாமல் கிடக்கும். "இன்னொண்ணு வையிமா" என்பார். கண்ணில் கோளாறே இல்லை. இடப்புறப் புறக்கணிப்பு (பார்வை இருந்தும் கவனம் அந்தப் பக்கம் போகாமை) என்றார் டாக்டர்.

"வலது மூளை ரெண்டு பக்கத்தையும் கவனிக்கும்மா. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்த மட்டுந்தான். அதனால வலது அடிபட்டா, இடப்பக்கத்துக்கு ஆளே இல்ல."

எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு! வியந்த மறுகணமே வெட்கப்பட்டேன்.

"தனியா வெளிய போலாமா டாக்டர்?"

"தானா இடப்பக்கம் திரும்பிப் பாக்கட்டும். அதுவரைக்கும் வேணாம்."

பாவம் என்று நாங்கள் எல்லோருமே அவருடைய வலப்பக்கமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அது தவறு, இடப்பக்கம் திரும்ப அவருக்குத் தேவையே வராது. இடம் மாறினோம். கேரம் பலகையின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டினோம். அது கண்ணில் படும்வரை அவர் தலையைத் திருப்ப வேண்டும். காய் எங்கே என்று நாங்கள் காட்டிக்கொடுக்கக் கூடாது.

மூன்றாம் மாதம் ஒரு மாலை அப்பா சிவப்புக் காயான ‘ரெட்’டைக் குழியில் போட்டார். அடுத்த அடியிலேயே ஒரு வெள்ளையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ரெட் நடுவுக்குத் திரும்பிவிடும். மிச்சமிருந்த ஒரே வெள்ளை இடது மூலையில்.

டேனியல் மாமா வாய் திறந்தார். முறைத்தேன். அப்பாவின் தலை மெல்ல நகர்ந்தது, என் முகத்தைத் தாண்டி, டேப் வரை.

"இங்க தான் கீறியா நீ?" என்று காயிடம் கேட்டார்.

"ஒரு காயத் தேட இவ்ளோ நேரமா மச்சான்? எனக்குப் பூந்தமல்லி பஸ் போயிடும்!"

"போவட்டும். அடுத்த பஸ்ல போ." அடித்தார். விழுந்தது.

நேற்று அப்பாவும் நானும் சாலையைக் கடக்க நின்றோம். வழக்கம்போல அவசரமாகக் காலை எடுத்து வைத்தேன். "இரும்மா" என்று கையைப் பிடித்து இழுத்தார். இடப்பக்கத்திலிருந்து, வரக்கூடாத திசையில், ஒரு பைக் உரசிக்கொண்டு போனது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அப்பாவுக்கு இடப்பக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. இப்போதெல்லாம் அது வரும்வரை நானும் நிற்கிறேன்.