ஒப்பந்தமும் என் வெள்ளிக்கிழமையும்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மச்சான் சொல்லிவிடுவான். அவன் சொன்னால் நீளமாகச் சொல்வான். கடல் தாண்டிய ஒரு நாட்டோடு நம் அரசாங்கம் வர்த்தக ஒப்பந்தம் போட்டதும், அந்த நாட்டு வெள்ளைக்காரர்கள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்களோடு உட்கார்ந்து சீட்டு எடுப்பார்கள் என்று நான் நம்பினேன். எடுத்து, எனக்கு விழுந்த இடத்தில் எனக்கு முன்னால் கழி நட்டு வலை கட்டிவிடுவார்கள் என்றும் நம்பினேன். சும்மா நம்பவில்லை. சோறு இறங்காமல் நம்பினேன்.

அது என்ன சீட்டு என்று சொன்னால்தான் என் பயத்துக்குக் கொஞ்சமாவது மரியாதை கிடைக்கும். எங்கள் ஊரில் ஏரி இறால் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பாடு என்போம். கழி நட்டு வலை கட்டத் தோதான இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். வலை வைத்திருக்கும் குடும்பங்களோ நிறைய. எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் இறால் சிக்குவதைவிட மண்டை உடைவது அதிகமாகிவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை கோயில் வாசலில் கூடிச் சீட்டுக் குலுக்குவோம். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று அதிலேயே முடிவாகிவிடும். அதைக் கோயில் நோட்டில் எழுதியும் வைப்போம். முறை வராதவன் கரையில் குந்தியிருக்க வேண்டியதுதான். வெளியூர்க்காரனுக்கு இதில் இடம் கிடையாது. எங்கள் ஊரில் பெண் எடுத்திருந்தாலும் கிடையாது.

இடங்களிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இருப்பது ராஜா இடம். மழைக்காலத்தில் தண்ணீர் கடலுக்கு வடியும்போது வெள்ளை இறால் கூட்டம் கூட்டமாக அந்த வழியாகத்தான் போகும். என் ராசிக்கு எனக்கு விழுவதெல்லாம் உள்பக்கம், சேற்று இடம். இறால் வருகிறதோ இல்லையோ, நண்டு தவறாமல் வந்து வலையைக் கத்தரித்துவிட்டுப் போகும். பல வருடங்களாக அந்த நண்டுகளுக்கு நான்தான் வலை சப்ளை. இந்த வருடம், என் கையிலிருந்து சீட்டை வாங்கிப் பிரித்த என் மனைவி அதை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். முகத்துவாரம். கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று நாள். அன்றிலிருந்து அந்த வெள்ளிக்கிழமையை வீட்டுக் கல்யாணத் தேதி மாதிரி எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஒப்பந்தம் வந்தது.

பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. பேப்பரில் ஒரு செய்தி இருந்தால் நான் இரண்டு படிப்பேன். ஏரிக்கு வரும் பூநாரைகளுக்கு ரேஷன் கார்டு கொடுக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு படித்தேன். நமக்கே அரிசி ஒழுங்காக வருவதில்லை, கொக்குக்கு எதற்கு என்று ஒருவர் தாலுகா ஆபீஸுக்குக் கிளம்பியேவிட்டார்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோட்டுப் போட்ட இரண்டு பேர் கை குலுக்கும் படத்தைக் காட்டி, மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தட்டு மாற்றிக்கொண்டன என்றேன். சிரித்தார்கள். அடுத்த வரி: வணிகத்துக்கு உள்ள தடைகள் நீங்கும், கடல் உணவுக்கும் இது பொருந்தும். என் குரல் அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் ஏரியில் அந்நியனுக்கு இருக்கும் ஒரே தடை எங்கள் பாடு. அதைத்தான் எடுக்கப்போகிறார்கள்.

"இன்னா மாமா, டீ ஆறிப்போவுது," என்றான் மச்சான். என் மனைவியின் தம்பி. வலையில் எனக்குக் கூட்டாளி, வாயில் எனக்குப் போட்டி.

விஷயத்தைச் சொன்னேன். கடையே குலுங்கிச் சிரித்தது. நான் நிஜமாகவே பயப்படுகிறேன் என்று சத்தியம் செய்தேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் ஊரைச் சிரிக்கவைத்தவனுக்கு வரும் தண்டனை இது. நெஞ்சு அடைத்துக் கீழே விழுந்தாலும் கைதட்டிவிட்டுத்தான் தூக்குவார்கள்.

என் பயத்துக்கு ஊரிலேயே சாட்சி இருந்தது. வேறு ஊர்க்காரனுக்கு இந்த யோசனையே வந்திருக்காது. எங்கள் ஊரில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டையே சிலையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எதற்கு வந்தார்கள்? வியாபாரத்துக்கு. வந்து என்ன செய்தார்கள்? கோட்டை கட்டினார்கள். எப்போது திரும்பிப் போனார்கள்? பாதிப் பேர் போகவே இல்லை, அங்கேதான் படுத்திருக்கிறார்கள். வியாபாரம் என்று வருகிறவன் எத்தனை நாள் தங்குவான் என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும் என்று மச்சானிடம் கேட்டேன். செத்தவனுக்கெல்லாம் சீட்டுக் கிடையாது, கவலைப்படாதே என்றான்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஓர் ஏற்றுமதிக் கம்பெனி ஆள் வந்தார். ஏரியில் நட்டிருந்த கழிகளைப் போனில் படம் எடுத்தார். முகத்துவாரப் பக்கம் நாலு படம் கூடுதலாக எடுத்தார். ஒப்பந்தம் போட்ட அந்த நாட்டிலிருந்து வரும் ஒரு வெள்ளைக்கார அம்மாவோடு புதன்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிப் போனார். என் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால். அன்று வீட்டில் மடவை மீன் குழம்பு. நான் தொடவில்லை. மடவைக் குழம்பை நான் தொடாமல் விட்டதைப் பார்த்த பிறகுதான் என் மனைவிக்கே சந்தேகம் வந்தது.

மறுநாள் பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலைப் பிடித்து, எங்கள் பாடு முறையைக் காப்பாற்றத் தடை உத்தரவு வேண்டும் என்றேன். எதிர்த் தரப்பு யார் என்றார். நாட்டின் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முழு நாடுமா என்றார். முழுசும்தான் என்றேன். ஏரிக்குள் இறங்கிவிட்டார்களா என்றார். இன்னும் இல்லை என்றேன். இறங்கியதும் வாருங்கள் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனிதர். அந்த டீயை நான் குடித்தேன்.

சட்டம் கைவிட்டதால் ஊரைக் கூட்டச் சொன்னேன். ஊர்த் தலைவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த ஒரே காரணத்துக்காகக் கூட்டினார். என் திட்டம் எளிமையானது. இருப்பது தெரிந்தால்தானே எடுப்பார்கள்? அதனால் வருகிறவர்களிடம் பாடு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. யார் கேட்டாலும், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டலாம் என்று சொல்லிவிட வேண்டும். முறை, சீட்டு, நோட்டு எதுவும் நம் ஊரில் இல்லை.

"ஒரு நாளைக்கு இவன் பேச்சைக் கேட்டா ஒன்னும் முழுகிடாது," என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சொல்லித் தொலைங்க. இல்லாட்டி இவன் சாப்பிட மாட்டான்."

புதன்கிழமை மாலை கார் வந்தது. தொப்பி போட்ட, என் வயசு இருக்கும் ஒரு அம்மா இறங்கினார். கரையில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் கம்பெனி ஆளை விட்டு ஒரே கேள்வி கேட்டார்: இங்கே யார் எங்கே வலை கட்டுவது? எங்கள் ஆட்கள் சொன்ன சொல் தவறவில்லை. "யாரு வேணா எங்க வேணா கட்டலாம்." வலை பின்னுகிறவர் சொன்னார், கருவாடு காயவைக்கிறவள் சொன்னாள், ஐஸ் பெட்டிக்காரர் சொன்னார். எல்லோரும் ஒரே ராகத்தில், இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு மாதிரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது ஏரித் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. வலை கட்டும் நேரம். அன்று முறை உள்ள ஐந்து படகுகள் கழிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. மற்ற படகெல்லாம் கட்டிய இடத்திலேயே கிடந்தன. முப்பது ஆண்கள் கரையில் காலை நீட்டிக் குந்தியிருந்தார்கள். அந்த அம்மா போகிற படகுகளைப் பார்த்தார், குந்தியிருப்பவர்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நல்லா தண்ணி வடியுது, யார் வேணாலும் கட்டலாம்னு சொல்றீங்க. அப்போ இவங்க எல்லாம் ஏன் போகாம உக்காந்திருக்காங்கன்னு கேக்குறாங்க," என்றார் கம்பெனி ஆள்.

ஊரின் வாயைத் தயார் செய்த நான் ஊரின் உடம்பை மறந்துவிட்டேன். முறை இல்லாத நாளில் எங்கள் ஊரில் ஒருவன்கூட, பொய்க்காகக்கூட, ஏரியில் கழி நடமாட்டான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் இருந்தவனுக்கு ஞாபகம் வரவில்லை.

"அவங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்க," என்றேன்.

"முப்பது பேருக்குமா?"

"ஊரே ஜொரங்க."

சரியாக அந்த நேரம் பார்த்து முப்பதில் ஒருவன் ஏதோ ஜோக்குக்குத் தொடையைத் தட்டிச் சிரித்தான். கம்பெனி ஆள் சிரிக்கவில்லை. காய்ச்சல் ஊரில் சரக்கு எடுத்தால் மொத்தமும் அவர்கள் நாட்டுத் துறைமுகத்தில் நின்றுவிடும் என்றார். அந்த அம்மாவிடம் ஏதோ சொன்னார். அவர் நோட்டை மூடினார். இரண்டு பேரும் காரைப் பார்த்து நடந்தார்கள்.

எனக்கு உள்ளே சந்தோஷம். போகிறார்கள், வெள்ளிக்கிழமை பிழைத்தது. ஆனால் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்த என் மனைவி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். கம்பெனிக்காரன் சரக்கு என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. என் காதிலும்தான் விழுந்தது. நான்தான் உள்ளே விடவில்லை.

"சார், நில்லுங்க. ஜொரம் யாருக்கும் இல்ல, இந்தாளுக்கு மட்டும்தான்," என்றாள். "இன்னிக்கு அவங்க மொற இல்ல, அதான் குந்திகினு கீறாங்க. மொற இல்லாத அன்னிக்கு எங்கூர்ல ஒருத்தனும் ஏரில எறங்க மாட்டான். இவரு மொற வெள்ளிக்கெயம. அத நீங்க புடுங்கிக்குவீங்கன்னு பயந்துகினு ஊரையே பொய் சொல்ல வச்சிருக்காரு."

கம்பெனி ஆள் இதை அவர் மொழியில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா திரும்பி வந்து, கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். மூடிய நோட்டு திறந்தது. முறை என்றால் என்ன, யார் வைப்பது, மீறினால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோயிலில் இருந்த சீட்டு நோட்டை எடுத்து வரச் சொன்னார். எந்தக் குடும்பம், எந்த இடம், எந்த நாள் என்று கட்டம் போட்டு வருடக்கணக்கில் எழுதி வைத்தது. அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எழுத்து தெரியாவிட்டாலும் கட்டம் புரிந்திருக்கும் போல.

பிறகுதான் ஒப்பந்தம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. அவர்கள் நாடு நம் இறாலுக்குப் போட்டிருந்த வரியை எடுத்துவிட்டது. ஆனால் வரியில்லாமல் இறக்க வேண்டுமானால் சரக்கு எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று காட்ட வேண்டும். பத்து ஊர்ச் சரக்கு, கரையில் வாங்கும் ஏஜெண்டின் கூடையில் கலந்துவிட்டால் யாராலும் காட்ட முடியாது. இந்த ஏரியைச் சுற்றி, பிடித்த இடத்தையும் நாளையும் எழுத்தில் காட்டக்கூடிய ஊரைத் தேடித்தான், அங்கே இறால் வாங்குகிறவர்களுக்காக அந்த அம்மா வந்திருந்தார். நான் பாயைப் போட்டு மூடி வைத்த அதே பாடு முறையைத் தேடி.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "அப்ப எங்க மொறையில உங்களுக்குப் பங்கு வேணாமா?" என்று நேராகவே கேட்டேன். கம்பெனி ஆள் அதை அவரிடம் சொன்னார். அந்த அம்மா ஏரியின் சேற்றைப் பார்த்தார், தன் வெள்ளைக் காலணியைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முப்பது பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இறால் கப்பலேறுவதற்கு முன் என் மானம் ஏறிவிட்டது.

இதனால் ஏரியில் பால் ஓடவில்லை. கம்பெனி பெரிய இறாலை மட்டும்தான் எடுக்கிறது. மடவையும் நண்டும் பழைய வழியிலேயே போகின்றன. ஐஸ் குறைந்த பெட்டியைக் கூச்சப்படாமல் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் நாங்கள் தேடிப் போனால்கூட நிமிர்ந்து பார்க்காத பழைய ஏஜெண்டு, இப்போது படகு கரை தட்டுவதற்கு முன்பே வந்து நின்று என்னை அண்ணா என்கிறார். அந்த அண்ணாவை நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்கிறேன். பக்கத்து ஊர்க்காரர்களும் தங்கள் சீட்டை நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். எப்படிக் கட்டம் போடுவது என்று எங்கள் தலைவரிடம் கேட்டு வந்தார்கள். எனக்கு ஊர் வைத்த பெயர் ஜொரம். டீக்கடையில் நுழைந்தால், ஜொரம் வருது, தள்ளி குந்துங்க என்கிறான் மச்சான். பேப்பரை இன்னும் நான்தான் படிக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. முகத்துவாரத்தில் நானும் மச்சானும் கழி நட்டு வலை கட்டினோம். வேறு யாரும் வரவில்லை. வலையைத் தூக்க எங்கள் இரண்டு பேர் கை போதாமல் பக்கத்துப் படகைக் கூப்பிட்டோம். வெள்ளை இறால். எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போன முதல் பெட்டி அதுதான். பெட்டியின் மேல் ஏரியின் பெயரும், இடத்தின் பெயரும், என் முறை நாளும் எழுதியிருந்தது.