ஜீப்பில் கூடிய கிராமசபை

தீர்மானப் புத்தகம் என்று ஒன்று உண்டு. கெட்டி அட்டை, முதுகில் சிவப்புத் துணி, பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்ட எண். கம்பம் பள்ளத்தாக்கின் ஒன்றிய அலுவலகங்களில் மாறி மாறி முப்பத்துநான்கு வருடம் உத்தியோகம் பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகு எனக்கு அதிகம் நினைவுக்கு வந்தது கூட வேலை பார்த்த மனிதர்கள் அல்ல, அந்தப் புத்தகங்கள்தாம். மழைக்காலத்தில் தாள் பதமாகி மை லேசாகப் பரவியிருக்கும். தணிக்கைக்குப் போகும் முன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். எந்த ஊர்ப் புத்தகத்தைத் திறந்தாலும் 'ஒருமனதாக' என்றுதான் இருக்கும். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பேசாத ஊரிலும் சபை ஒருமனதாகவே இருந்தது. அவ்வளவு ஒற்றுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த ஒற்றுமையில் எனக்கும் பங்குண்டு. கிராமசபை நடந்தது என்று சொல்ல, எங்கள் ஊரளவு ஊருக்கு நூறு பேர் வந்திருக்க வேண்டும். சட்டம் அதைக் குறைவெண் வரம்பு என்கிறது. நாங்கள் கோரம் என்போம். காலை பதினொரு மணிக்கு நூறு பேரை எங்கே பிடிப்பது? ஆண்கள் வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் இருப்பார்கள். பெண்களில் பாதிப் பேர் விடியுமுன்பே ஜீப்பேறி, கேரளத்து மலையில் ஏலக்காய் எடுக்கப் போயிருப்பார்கள். கிராமசபை கூடும் சுதந்திர தினம் காலண்டரில் சிவப்பாக இருக்கும். ஏலக்காய் அதையெல்லாம் பார்த்துப் பழுப்பதில்லை.

ஒருமுறை ஓர் ஊராட்சிச் செயலர் அறுபது கையெழுத்தோடு என் மேசைமுன் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் சொன்னேன்:

"ஜீப்பு கெளம்புற எடத்துக்குப் புத்தகத்தக் கொண்டு போய்யா. அங்கன வரிசையா உக்காந்திருப்பாக. எந்திரிச்சு ஓடவும் எடம் இருக்காது."

வழக்கம் பிறந்தது அப்படித்தான். விடியற்காலை ஜீப்பில் கையெழுத்து, பதினொரு மணிக்குக் கூட்டம். மூன்று ஜீப்புக்கு நாற்பது பேர். நான் எத்தனையோ சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். எதுவும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. ஆணை இல்லாமல், நினைவூட்டு இல்லாமல், பள்ளத்தாக்கு முழுக்க அமலானது இது ஒன்றுதான். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மனு எழுத யாராவது வருவார்கள். அலுவலகத்தில் இருந்தபோது மனுக்களைக் கண்டால் எரிச்சல்படுவேன். வீட்டுக்கு வந்ததும் அவற்றுக்காக ஏங்கினேன்.

ஒருநாள் சாயங்காலம் கிழக்குத் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். மலைக்குப் போகிறவள். காலில் அட்டைக் கடிக்குப் போட்ட சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

"சித்தப்பா, எங்க தெருவுக்கு ஒண்ணுவிட்டு ஒருநா அஞ்சரைக்குத் தண்ணி விடுறாக. ஜீப்பு அஞ்சேகாலுக்கு. தண்ணியப் பிடிச்சா ஜீப்பு போயிரும், ஜீப்பப் பிடிச்சா தண்ணி போயிரும். இந்த மாசத்துல நாலு நா நின்னுட்டேன். இன்னொருக்கா நின்னா ஒன் எடத்துக்கு வேற ஆளு ஏத்திருவேன்டு கங்காணி சொல்லிட்டாரு."

"அரைமணி நேரம் முன்னாடி விடச் சொல்லலாமே?"

"தொட்டி நெறையுறதே அஞ்சேகாலுக்குத்தானாம். சாயங்காலமா மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. அது போதும்."

அன்றைக்கு எழுதிய மனுவை இப்போது நினைத்தாலும் எனக்கு ரசிக்கத் தோன்றுகிறது. பொருள், பார்வை, பத்தி எண், இணைப்பு எல்லாம் இருந்தன. கீழே அவள் கையெழுத்து. நானே பஸ் ஏறித் தேனிக்குப் போய்க் கொடுத்து, ரசீது வாங்கி வந்தேன். மனு என்ன வழியில் போகும் என்பது எனக்குத் தெரியும். மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு இறங்கும், ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு இறங்கும், கடைசியில் எங்கள் ஊர்ச் செயலரின் மேசைக்கு வரும். அவர் எழுதும் பதில் அதே படிகளில் ஏறி, மறுபடி இறங்கும். அவர் மேசையிலிருந்து அவள் வீட்டுக்கு நடந்தால் மூன்று நிமிடம். பதில் வந்து சேர ஏழு வாரம் ஆனது.

அதை என்னிடம்தான் கொண்டுவந்தாள். 'குடிநீர் விநியோகம் அனைத்துத் தெருக்களிலும் திருப்திகரமாக உள்ளதெனக் கடந்த கிராமசபையில் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. மனுதாரரும் மேற்படி கூட்டத்தில் கலந்துகொண்டு கையொப்பமிட்டுள்ளார். எனவே மனு முடிக்கப்படுகிறது.'

முதல் வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாகச் சேரும் செயலர்களுக்காக நான் தயாரித்த மாதிரித் தீர்மானங்களில் மூன்றாவது அது. 'அனைத்துத் தெருக்களிலும்' என்பதைப் பிறகு யோசித்துச் சேர்த்தேன், தெருவாரியாகக் கேள்வி வரக்கூடாது என்று.

"நான் எப்ப சித்தப்பா கூட்டத்துக்குப் போனேன்?"

"ஜீப்புல கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன். எப்பவும் போடுறதுதான. அது எதுக்குன்டு யாரு சொன்னாக?"

சொன்னேன். அந்த வழக்கத்தை ஆரம்பித்தது யார் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் தயாரித்த வாக்கியமே அவள் கையிலேறி என் வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது.

"அப்ப எனக்குத் தண்ணி போதும்டு நீங்களே எழுதி, போதாதுன்டு நீங்களே மனுவும் எழுதியிருக்கீக. நல்லா இருக்கு சித்தப்பா ஒங்க உத்தியோகம்."

மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவள் அதற்குள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த கிராமசபை உலகத் தண்ணீர் தினத்தன்று வந்தது. அன்று விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போவதுபோல் ஜீப் நிற்கும் முக்குக்குப் போனேன். முன் ஜீப்பில் அவள் இருந்தாள். செயலர், முப்பது வயதுக்காரர், புத்தகத்தோடும் இரண்டு பேனாவோடும் வந்தார்.

"யக்கா, சட்டுன்டு போட்டுக் குடுங்க. கங்காணி கத்துவாரு."

அவள் புத்தகத்தை வாங்கினாள். பேனாவை வாங்கவில்லை. "இதுல என்ன எழுதியிருக்கு தம்பி? வாசி."

"இனிமேத்தான் எழுதணும்க்கா. கூட்டமே பதினோரு மணிக்குத்தான்."

"எழுதாததுக்கு எதுக்குக் கையெழுத்து?"

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள், "ஏலே, ஒன் கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேர எழுதாம அச்சடிச்சியா?" ஜீப்பே சிரித்தது. செயலர் உதவி தேடிச் சுற்றிலும் பார்த்தவர் என்னைக் கண்டு, "சார், நீங்களாவது சொல்லுங்க" என்றார். நான் வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கங்காணி ஹாரன் அடித்தார். அவள் புத்தகத்தைப் பத்திரமாக மூடி, இரண்டு கையாலும் செயலரிடம் நீட்டினாள். மற்ற இரண்டு ஜீப்பும் முன் ஜீப்பைப் பார்த்தே நடந்துகொண்டன. ஒரு கையெழுத்தும் விழாமல் மூன்றும் மலையை நோக்கிப் புறப்பட்டன.

பதினொரு மணிக்குப் பந்தலில் ஐம்பத்தெட்டுப் பேர். பன்னிரண்டு மணிக்குச் செயலர் என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"சார், கோரம் இல்ல. என்ன பண்றது?"

யாராவது நடைமுறை கேட்டு எத்தனை நாளாயிற்று! முதுகு தானாக நிமிர்ந்தது. "ஒத்திவச்சதா எழுதுங்க. வேற நாள் குறிச்சு, தலைவர்ட்டக் கையெழுத்து வாங்கித் தண்டோராப் போடுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறரைக்கு வைங்க."

"சாயங்காலமா? அப்படி வைக்கலாமா சார்?"

"கூடாதுன்டு எங்கன எழுதியிருக்கு?"

முப்பத்துநான்கு வருடமும் அந்த விதியை நான் மறுபக்கமாக, எழுதாததெல்லாம் கூடாது என்றே வாசித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து திரும்பிய ஜீப்புகள் வீட்டுக்குப் போகாமல் நேரே பந்தல் முன்னால் வந்து நின்றன. தூக்குச்சட்டியோடும் தலையில் கட்டிய துண்டோடும் நாற்பது பேர் இறங்கினார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களோடு சேர்த்து நூறைத் தாண்டியது. பந்தலில் ஏலக்காய் வாசனை அடித்தது. நான் அமர்ந்த கூட்டங்களிலெல்லாம் டீயும் பிஸ்கட்டும் மட்டுமே மணக்கும். அவள் எழுந்து, மனுவில் நான் நான்கு பத்தியில் எழுதியதை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். தலைவர் தொட்டி ஆப்பரேட்டரைக் கேட்டார்.

"மோட்டாரு ரெண்டு நேரந்தான் ஓடும்" என்றார் அவர். "காலையில கெழக்குத் தெரு, சாயங்காலம் மேலத் தெரு. இவுகளுக்குச் சாயங்காலம் குடுக்கணும்னா மேலத் தெருக்காரக காலைக்கு வரணும். அவுக சம்மதிச்சாச் சரி."

பந்தலே என் பக்கம் திரும்பியது. மேலத் தெருவில் மூன்றாவது வீடு என்னுடையது. பென்ஷன்காரனுக்குச் சாயங்காலத் தண்ணீர் எவ்வளவு வசதி என்பதை அதுவரை நான் எந்த மனுவிலும் குறிப்பிட்டதில்லை.

தள்ளிப்போட எனக்குக் குறைந்தது நான்கு வழிகள் தெரியும். பொறியாளர் அறிக்கை கேட்கலாம். துணைக்குழு அமைக்கலாம். தெருவாரியாகக் கருத்துக் கேட்கலாம். எதுவும் பலிக்காவிட்டால் கோடை முடியட்டும் என்று சொல்லலாம். நாலுமே நாக்கு நுனியில் இருந்தன. நான் எழுந்து நின்றதும் செயலர் பயபக்தியோடு பேனாவைத் திறந்தார்.

"என்ன சித்தப்பா," என்றாள் அவள், "அஞ்சரைக்கு எந்திரிச்சுருவீகளா, இல்ல அதுக்கும் ஒரு மனு எழுதணுமா?"

பந்தல் சிரித்து ஓயும்வரை நின்றேன். "எந்திரிச்சுருவேன்" என்றேன். என் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் முணுமுணுத்தார், இரண்டு பேர் எதிர்த்துக் கை தூக்கினார்கள். செயலர் அவர்களுடைய பெயரையும் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். பெட்ரோமாக்ஸ் காலத்து ஆளான நான், செல்போன் வெளிச்சத்தில் நடந்த அந்தக் கையெழுத்து வரிசையைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன்.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. தெருக்குழாயடியில் யாரும் நிற்பதில்லை. ஆனாலும் அந்த ஒன்றரை வருடத்து விடியல்கள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. குறிப்பாக முதல் நாள். ஐந்து மணிக்கே இரண்டு குடத்தோடு வரிசையில் நின்றேன். என் மனைவி வாசலிலிருந்தே, "ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்தேன்டு சொல்லுவீக, குடத்த இடுப்புல வைக்கத் தெரியலையே" என்றாள். முன்னால் நின்ற பெண்கள் எனக்கு இடம் விட்டுத் தரவில்லை. அதுவும் முறைதான்.

ஐந்தேகாலுக்கு முன் ஜீப் எங்கள் தெரு முக்கைக் கடந்தது. ஓரத்து இடத்தில் முழங்காலில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துருச்சா சித்தப்பா?"

"இன்னும் கால்மணி நேரம் இருக்கு."

"நில்லுங்க, வரும்" என்றாள். ஜீப் மலைப் பக்கம் திரும்பியது. நான் குடத்தை ஓரடி முன்னால் நகர்த்தி வைத்தேன்.