டிரம் இல்லாத பாட்டு

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு ரேடியோ கொழும்பு ஸ்டேஷனுக்குப் போய்விடும். என் கொழுந்தன் மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் திண்டுக்கல்லுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, கை கால்கூடக் கழுவாமல் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். வால்வு சூடாகி, ரேடியோ முகப்பிலிருக்கும் பச்சை விளக்கு ஒரு கண் போல மெல்ல விரியும். முதலில் கடல் இரைவது போல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து, தூரத்தில் யாரோ ஒரு கதவைத் திறந்து திறந்து மூடுவது போல, ஆங்கிலப் பாட்டு வரும், போகும்.

அவருக்கு உயிர் ராக் அண்ட் ரோல். என் கணவர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். "தகரக் கொட்டகைமேல ஆலங்கட்டி விழுற மாதிரி இருக்குடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு டியூஷனுக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் அந்த நாகல் நகர் வாடகை வீட்டில் கொழுந்தனும் நானும் ஒரு வயது நிறையாத என் மகளும்தான்.

நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன். அபிப்பிராயமும் சொல்வேன்.

"இந்தப் பாட்டுக்காரருக்கு விக்கல் நிக்கவே இல்லையே, தம்பி."

"அதுதான் மதினி ஸ்டைலு."

"ஒரு வாய் தண்ணி குடுத்தா ஸ்டைலு போயிருமோ?"

"கான்வென்ட்ல கீர்த்தனையா பாடிப் பாடி உங்க காது கெட்டுப்போச்சு" என்பார்.

காது என்ற சொல்லைக் கேட்டாலே முறத்தைக் கீழே வைத்துவிடுவேன். என் மகள் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம். மாதா கோயில் மணி அடிக்கும்போது எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். நானும் போடுவேன், கண் மட்டும் அவள் முகத்திலேயே இருக்கும். ஒரு நாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைக் கரண்டியால் தட்டினேன். திரும்பினாள். மறுபடி தட்டினேன். திரும்பவில்லை. முதலில் திரும்பியது சத்தத்துக்கா, சுவரில் ஆடிய என் நிழலுக்கா? "அமைதியான பிள்ளை, குடுத்து வச்சவ நீ" என்று மாமியார் ஊரிலிருந்து வந்தபோது சொல்லிவிட்டுப் போனார். அது நல்ல வார்த்தைதானா என்று பல நாள் யோசித்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்திருந்தவள், ரேடியோவில் டிரம் அதிர்ந்ததும் கையைத் தரையில் அடித்துச் சிரித்தாள். கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீகளா மதினி! அண்ணனுக்கு இல்லாத ரசனை இவளுக்கு இருக்கு."

எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் செத்த நேரம்தான். ரேடியோ வைத்திருந்த பெஞ்சின் கால் தரையில் ஊன்றியிருந்தது. நான் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். டிரம் விழும்போதெல்லாம் அங்கே ஒரு சின்னத் துடிப்பு. அவள் காதால் கேட்டாளா, கன்னத்தால் கேட்டாளா?

"டிரம் இல்லாத பாட்டு ஏதாச்சும் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"டிரம் இல்லாத ராக்கா? உப்பில்லாத வெஞ்சனமால்ல இருக்கும்."

"எனக்கு அதுதான் வேணும்."

நான் ரசிகை ஆகிவிட்டேன் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கண்ணை மூடி யோசித்தார். வேகமானது வேண்டாமென்றால் ஒருவர் மட்டும் அழுது பாடுகிற பாட்டு உண்டு, ஆனால் அதைச் சிபாரிசு செய்யத் தனக்கு மனசு வராது என்றார். கடைசியில் ஒன்று சொன்னார்: மின்சார கிதார் மட்டும் தனியாக வெகுநேரம் வரும், அதுவும் ஒற்றைத் தந்தியில், டிரம் பிறகுதான் சேரும். நேயர் விருப்பத்தில் அநேகமாக எல்லா வாரமும் யாராவது கேட்கிறார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் கேட்டிராத அந்தக் கிதாரோடுதான் நடமாடினேன். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ரேடியோ ஏரியல் கம்பி காற்றில் லேசாக ஆடும். அந்தப் பாட்டு இப்போதே சிறுமலைக்கு மேலே எங்கேயோ வந்து காத்துக்கொண்டிருப்பது போல இருக்கும். வந்துவிட வேண்டும் என்று நினைப்பேன். உடனே, வராமலிருந்தாலும் நல்லதுதான் என்று நினைப்பேன்.

சனிக்கிழமை வந்தது. விட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டி அவளைப் போட்டேன். தொட்டிலுக்குத் தரை அதிர்வு தெரியாது. பச்சைக் கண்ணைப் பார்க்காதபடி அவள் தலையை ரேடியோப் பக்கம் வைத்தேன். ரேடியோவைத் தூக்கி, அடியில் கம்பளியை மடித்து வைத்தேன்.

"கம்பளி எதுக்கு மதினி? ரேடியோவுக்குக் குளுருதா?"

அவள் காதைப் பற்றிய பயத்தைச் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்டேஷன் திருப்பும் குமிழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாட்டுகள் வந்து போயின. வெளிச்சம் சுவரில் மஞ்சளாகி ஏறியது. பிறகு அந்தக் கிதார். கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விடுவது போல இருந்தது. தொட்டிலுக்குள் உதைத்துக்கொண்டிருந்த கால் நின்றது. நான் சேலையை விலக்கினேன். அவள் தலையை அண்ணாந்து, ரேடியோ இருந்த பக்கம் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

தற்செயலாக இருக்கலாம் என்று என் மனம் உடனே சொன்னது.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு மங்கியது. கடல் இரைச்சல் கிதாரை மூடிக்கொண்டது. கொழுந்தன் குமிழைத் திருப்பவில்லை. அவள் முகம் சுளித்தது, கண் இங்குமங்கும் தேடியது, உதடு பிதுங்கியது. நான் மூச்சை அடக்கி நின்றேன். கொழும்பு திரும்பி வந்தது, கிதாரும் வந்தது, உதடு அப்படியே விரிந்து சிரிப்பானது. டிரம் இன்னும் சேரவில்லை.

நான் குனிந்து அவள் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ம்ஹூம்.

"அவளுக்கு நல்லாக் கேக்குது மதினி" என்றார் கொழுந்தன். "நல்ல பாட்டுக்கு நடுவுல நீங்கதான் தொணதொணன்னு பேசுறீக."

நான் வாயை மூடிக்கொண்டு தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். டிரம் வந்து சேர்ந்தது. அது வராமலேயே அந்தப் பாட்டு போயிருக்கலாம் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஆனால் அவள் கால் டிரம்மோடு சேர்ந்து மறுபடி உதைக்கத் தொடங்கியிருந்ததால் அதைச் சொல்லவில்லை.