குத்தூசி படாத மூட்டைகள்

யுத்த காலத்தில், வாவிக்கரையிலிருந்த ஓர் அரிசி ஆலைக்கு நான் கணக்காளன். எங்கள் அரிசியை வாங்கியவர் காத்தான்குடியில் ஒரு ஹாஜியார். வருகிற மூட்டை ஒவ்வொன்றிலும் குத்தூசியைச் செருகி, அரிசியை உள்ளங்கையில் எடுத்துப் பார்ப்பார். எங்கள் மயில் முத்திரைச் சாக்குகளை மட்டும் தொடமாட்டார்.

"வழியில செக்பொயின்ட்ல ஆமிக்காரன் குத்தினதே போதும் தம்பி. நானும் குத்தணுமா?"

ஒரு மாரியில் பாதை அடைபட்டு, நெல் ஈரமாகி, அரிசியில் புழுங்கிய மணம் ஏறிவிட்டது.

"மயில் சாக்கிலயே அனுப்புங்க. அவர் குத்திப் பாக்கவா போறார்?" என்றார் எங்கள் முதலாளி.

"பாக்கமாட்டார். அதாலதான் அனுப்பேலாது."

முத்திரையில்லாத சாக்குகளில் கட்டி, ஈரம் பட்டது என்று சொல்லியே அனுப்பினேன். விலை விழுந்தது. முதலாளி ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. அந்தக் கிழமை வேலை நன்றாக நடந்தது.

பிறகு ஆலையில் ஷெல் விழுந்தது. பொறிகளுக்கு நான் ஆண்டுதோறும் கணக்கில் முறைப்படி கழித்துவந்த பெறுமானத் தேய்வை அது ஒரே நாளில் முடித்துத் தந்தது. கடன் கேட்டு வங்கிக்குப் போனேன்.

"பிணைக்கு என்ன இருக்கு?" என்றார் மனேஜர்.

"நல்ல பேர் இருக்கு."

"அதை நான் எந்த அலுமாரியில வச்சுப் பூட்டுறது ஐயா?"

விதிப்படி அவர் சொன்னது சரி. ஒரு நிறுவனம் தானே வளர்த்த நன்மதிப்பைச் சொத்தென்று கணக்கில் காட்டக்கூடாது. நானே படித்துச் சித்தியடைந்த பாடம். ஆலையை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போவதென்று முதலாளி முடிவுசெய்தார். வேலையாட்களுக்குப் போக இடமில்லை, எனக்கும்தான்.

இனி அரிசி வராது என்று சொல்லக் காத்தான்குடிக்குப் போனேன். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகத் தயங்கிய நாட்கள் அவை. ஹாஜியார் தேநீர் வரவழைத்தார்.

"மிசின் போனாப் போகட்டும். மயில் சாக்கு கிடக்கா?"

"கொஞ்சம் கிடக்கு."

"அப்ப என்ன கதை? சின்ன மிசின் ஒண்டு வாங்குங்க. அடுத்த வெள்ளாமை அரிசிக்கு இப்பவே காசு தாறன்."

ஒப்பந்தம் எழுதக் கடதாசி கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஈர அரிசிய வேற சாக்குல கட்டி அனுப்பின ஆக்கள் நீங்க. உங்களிட்டக் கையெழுத்து வாங்கவா?"

அந்தக் காசைக் கடன் என்று முறைப்படி பதிந்தேன். அதை வாங்கித் தந்த சொத்துக்கு, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் இடமே இல்லை. அப்படியொரு சொத்து இருந்ததற்கும், அதைக் கண்ட மனிதர் ஒருவர் இருந்ததற்கும் இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

முதலாளி கொழும்புப் பயணத்தைக் கைவிட்டுச் சின்னப் பொறியொன்று வாங்கினார். அறுவடை முடிந்து முதல் லொறி போனபோது நானும் ஏறிப் போனேன். ஹாஜியார் வேறு யாருடைய மூட்டைகளையோ குத்திக்கொண்டிருந்தார். எங்கள் லொறியைக் கண்டதும் குத்தூசியை மேசையில் வைத்துவிட்டு, இறக்க ஆள் கூப்பிட்டார்.