தலைக்கு மேல் தூக்கிய கை

விக்கிரமங்கலத்து உத்திராபதி பத்தொன்பது ஆண்டுகள் அரியலூர் குடோன் ஒன்றில் சிமெண்ட் மூட்டை சுமந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், லாரிக்குச் சாத்திய பலகையில் ஏறும்போது சரிந்த மூட்டையை வலது கையால் எட்டிப் பிடித்தார். தோளுக்குள் ஏதோ கிழிந்தது.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள், ஒருநாள் வராவிட்டால் வேலை போய்விடும் இடத்தில் வேலை பார்க்காதவர்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கிழிந்த ஜவ்வு கயிற்றுக்கு ஒட்டுமா?

குடோன் வாசலில் மேஸ்திரி சுரேஷ்குமார் தினமும் ஆட்களை வரிசையில் நிறுத்துவார்.

"ரெண்டு கையும் தலைக்கு மேல! தோளு போனவன் வூட்டுக்குப் போகலாம்."

உத்திராபதி ஒரு வழி கண்டுபிடித்தார். இடுப்பை வளைத்து, கையை ஊஞ்சல்போல் வீசி மேலே எறிவார். உயிர்போகும் வலியில் பல்லைக் கடிப்பது பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாகத் தெரியும்.

"என்னண்ணே, மாப்ள கணக்கா சிரிப்பு?" என்பான் வரிசையில் பக்கத்தில் நிற்பவன்.

"ஒன்னயப் பாத்தா வேற என்ன தம்பி வரும்?"

பதினான்கு மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒரே வாரத்தில் மூன்று மூட்டைகள் நழுவி விழ, மேஸ்திரி வரவேண்டாம் என்றார். நிவாரணம் கேட்டதற்கு, பதிவேட்டில் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். ஆள் இல்லையென்றால் காயமும் இல்லை.

அரசு மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்து, ஜவ்வு முழுதும் கிழிந்து சதை சுருங்கிவிட்டது, இனித் தைக்க முடியாது என்றார்கள். மிச்சம் இருந்தது மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஒன்றுதான். ஊனம் நாற்பது சதவீதம் என்று எழுதினால் மாத உதவித்தொகை கிடைக்கும்.

சான்றிதழ் முகாமுக்குப் போகும் பஸ்ஸில் மனைவி தனம் சொல்லிக்கொண்டே வந்தாள். "வீராப்பு காட்டாத. முடியலன்னா முடியலன்னு சொல்லு."

முகாமில் பெருங்கூட்டம்; ஸ்கேன் படத்தைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றார். ஊழியர் ஒருவர் கத்தினார்: "கையத் தூக்குங்க!"

இடுப்பு தானாக வளைந்தது. கை தலைக்கு மேல் போய் நின்றது. பல்லைக் கடித்தார்.

"நல்லாத்தான தூக்குறாரு," என்று மருத்துவர் பத்து சதவீதம் எழுதினார். "அடுத்த ஆளு."

வெளியே வந்தவரின் கையிலிருந்த தாளைப் பார்த்துத் தனம் கேட்டாள். "எதுக்குய்யா தூக்குன?"

"தூக்கலன்னா அனுப்பிருவாங்கல்ல புள்ள."

அவள் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். சட்டைக்குள் அவரது வலது கையைப் பிடித்து நுழைத்து, பித்தான்களைப் போட்டுவிட்டாள்.